மில்லில் கை போய்விட்டால்: ஆஸ்பத்திரி வாசலிலிருந்து நட்டஈடு வரை

என் தம்பிக்கு வலக்கையில் சுட்டுவிரலும் நடுவிரலும் இல்லை. மோதிரவிரல் பாதிதான். 2023 மாசி மாதம், பெரும்போக அறுவடை மும்முரத்தில் ஆலைகள் இரவு பகலாக ஓடிய நேரம். இலங்கையின் அம்பாறை மாவட்டத்தில் ஒரு நெல் ஆலையில் இரவு வேலைக்கு நின்றான். நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டரின் அடியில் நெல் அடைத்துக்கொண்டது. மெஷினை நிறுத்தினால் லைன் முழுவதும் நிற்கும், ஓடும்போதே அடைப்பை எடு என்றார்கள். எடுத்தான்.

நட்டஈட்டுக் காசு கைக்கு வர 19 மாதம் பிடித்தது. அதில் எட்டு மாதமாவது ஒரே ஒரு சொல்லால் வீணாகப் போனது. அந்தச் சொல் என்னவென்று இரண்டாவது பகுதியில் சொல்கிறேன். அவசரமாக இருப்பவர்கள் நேராக அங்கேயே போய்விடுங்கள், மற்றதைப் பிறகு வாசிக்கலாம்.

நான் சட்டத்தரணி இல்லை. களுவாஞ்சிகுடியில் இருக்கும் ஒரு அக்கா, அவ்வளவுதான். அரிசி ஆலை, மர ஆலை, ஐஸ் பெக்டரி, கார்மென்ட், கல் அறுக்கும் மெஷின் என்று எங்கே அடிபட்டாலும் வழி கிட்டத்தட்ட இதுதான்.

1. முதல் பத்து நிமிடம்

மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். கை சிக்கியிருந்தால் பிடித்து இழுக்கவேண்டாம். மெஷின் நின்ற பிறகு பெல்ட்டை வெட்டியாவது கழற்றியாவதுதான் எடுக்கவேண்டும். சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து அழுத்திப் பிடியுங்கள், கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வையுங்கள். மோதிரம் போட்டிருந்தால் வீங்குவதற்கு முன் கழற்றிவிடுங்கள். கோப்பித்தூள், மஞ்சள், கிறீஸ் எதுவும் பூசவேண்டாம்.

விரல் துண்டாகிவிட்டால் அதையும் தேடி எடுங்கள். சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, ஒரு பொலித்தீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, அந்தப் பையை ஐஸ் போட்ட இன்னொரு பைக்குள் வையுங்கள். ஐஸ் நேரடியாக விரலில் படக்கூடாது, பட்டால் சதை கெட்டுவிடும். தம்பியின் விரலை யாரும் தேடவில்லை. அது தவிட்டோடு போனது.

குடிக்க ஒன்றும் கொடுக்கவேண்டாம். மயக்கம் வருகிறதே என்று ஒருவர் இரக்கப்பட்டு அவனுக்குச் சோடா வாங்கிக் கொடுத்தார். வயிற்றில் இருக்கிறது என்று மயக்க மருந்து கொடுப்பதைத் தள்ளிப்போட்டார்கள்.

வாகனத்துக்கு 1990ஐக் கூப்பிடுங்கள். சுவ செரிய அம்புலன்ஸ் இலவசம். வேகத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. ஆளை எங்கிருந்து, எத்தனை மணிக்கு ஏற்றினார்கள் என்பது அவர்களுடைய பதிவில் இருக்கும். தம்பியை ஆலையின் பட்டா லொறியில் ஏற்றிப் போனார்கள். எங்கிருந்து வந்தான் என்பதற்கு வெளியாள் ஒருவரும் சாட்சி இல்லை.

2. ஆஸ்பத்திரி வாசலில் பேசுவது யார்?

ஆகப் பெரிய பொறி இதுதான். தம்பியோடு ஆஸ்பத்திரிக்குப் போனது ஆலையின் சுப்பர்வைசர். தம்பி அரை மயக்கம். என்ன நடந்தது என்று வாட்டில் எழுதுபவர் கேட்டபோது சுப்பர்வைசர் சொன்ன பதில்: “வீட்டில் மா அரைக்கும் மெஷினில் கை பட்டுவிட்டது.” எழுதுபவருக்கு அவர் யாரென்று தெரியாது, தம்பியின் அண்ணன் என்று நினைத்திருப்பார். ‘வீட்டில்’ என்று எழுதிவிட்டார். அந்தச் சொல்தான்.

நான் விடிய ஆறு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். சுப்பர்வைசர் தேத்தண்ணீர் வாங்கித் தந்தார். “ஒண்டுக்கும் யோசியாதீங்க கா, எல்லாச் செலவும் முதலாளி பார்ப்பார்” என்றார். நான் கும்பிட்டு நன்றி சொன்னேன்! டிக்கட்டில் (வாட்டில் வைத்திருக்கும் நோயாளிக் குறிப்பில்) என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவேண்டும் என்பதே எனக்குத் தோன்றவில்லை. ஐந்தாம் நாள் துண்டு வெட்டி (டிஸ்சார்ஜ் செய்து) வீட்டுக்கு அனுப்பினார்கள். நோய் நிர்ணய அட்டையிலும் அதே கதை ஆங்கிலத்தில் இருந்தது. அதை எனக்கு வாசித்துச் சொன்னது பக்கத்து வீட்டு ஏ.எல். பிள்ளை, மூன்று வாரம் கழித்து.

ஆகவே உங்கள் ஆளை எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாலும், மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையோ கல்முனையோ அக்கரைப்பற்றோ அம்பாறையோ, வீட்டு ஆள் ஒருவர் போய் முதலில் செய்யவேண்டியது இதுதான். வாட்டில் தாதியிடமோ டொக்டரிடமோ மரியாதையாகச் சொல்லுங்கள்: “இது வேலை செய்யும் இடத்தில், மெஷினில் நடந்தது. இடம் இது, மெஷின் இது, நேரம் இது. தயவுசெய்து டிக்கட்டில் எழுதுங்கள்.” காயப்பட்டவருக்கு நினைவு தெளிந்ததும் அவர் வாயாலும் சொல்லவையுங்கள். முன்பு எழுதியதை அழிக்கமாட்டார்கள், அழிக்கவும் கூடாது. ஆனால் நோயாளி சொன்னதாகக் கீழே புதிதாக ஒரு வரி எழுதலாம். அது போதும்.

துண்டு வெட்டும் நாளில் நோய் நிர்ணய அட்டையை வாங்கிய உடனே, வாசலைத் தாண்டுவதற்கு முன், ஆங்கிலம் தெரிந்த ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். எந்தக் கை, எந்த விரல், எந்த மூட்டோடு போனது, எப்படி நடந்தது என்ற நான்கும் சரியாக இருக்கவேண்டும். எங்கள் அட்டையில் கைகூட முதலில் இடது என்றே இருந்தது. அதை மட்டும் அன்றைக்கே கவனித்துத் திருத்தினோம், கட்டுப் போட்ட கை கண்முன்னே தெரிந்ததால்.

எக்ஸ்ரே படங்களையும் கேளுங்கள். கிளினிக் கொப்பியை மழையில் நனையவிடாதீர்கள். சிரிக்கவேண்டாம், எங்களுடையது நனைந்தது.

3. பொலிஸ் என்ட்ரியும் சட்ட வைத்திய அதிகாரியும்

பெரிய ஆஸ்பத்திரிகளில் பொலிஸ் பிரிவு ஒன்று இருக்கும். அங்கே ஒரு முறைப்பாடு போடுங்கள். இல்லாவிட்டால் ஆலை இருக்கும் பிரதேசத்துப் பொலிஸ் நிலையத்துக்குப் போகவேண்டும், உங்கள் ஊர்ப் பொலிஸுக்கு அல்ல. பொலிஸ் ஒரு மருத்துவச் சட்டப் பரிசோதனைப் படிவம் தருவார்கள், எல்லோரும் எம்.எல்.ஈ.எப். என்றுதான் சொல்வார்கள். அதை வைத்துச் சட்ட வைத்திய அதிகாரி காயத்தைப் பார்த்து, எப்படி நடந்தது என்று நோயாளியிடமே கேட்டு எழுதுவார். டிக்கட்டில் பிழையாக எழுதியிருந்தால் அதற்கு எதிராக நிற்கும் முதல் கடதாசி இதுதான்.

நாங்கள் இதை ஏழு வாரம் கழித்துச் செய்தோம். “இவ்வளவு நாளும் எங்கே போனீர்கள்?” என்று கேட்டார்கள், நியாயமான கேள்வி. முதலாளி கோபிப்பார் என்று பயந்திருந்தோம் என்ற உண்மையைத்தான் சொன்னேன். இரண்டு நாளுக்குள் போனால் இந்தக் கேள்வியே வராது.

முறைப்பாட்டுத் திகதி, இலக்கம், புத்தகப் பக்கம் மூன்றையும் தொலைபேசியில் படமெடுத்து வையுங்கள். பின்னால் பிரதி எடுக்கப் போனால் இலக்கம் இல்லாமல் ஒன்றும் நடக்காது.

4. மெஷினைப் படமெடுங்கள், அன்றைக்கே

தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கம், இன்னும் நடைமுறையில் இருக்கிறது. ஓடும் பெல்ட், புல்லி, பற்சக்கரம் போன்ற ஆபத்தான பகுதிகளுக்கு மறைப்பு இருக்கவேண்டும் என்பது அதிலுள்ள அடிப்படைக் கடமை. தம்பி கை வைத்த இடத்தில் மறைப்பு இல்லை.

மூன்றாம் நாள் அவனுடைய சைக்கிளையும் சாப்பாட்டுப் பெட்டியையும் எடுக்க நான் ஆலைக்குப் போனேன். எலிவேட்டரின் அடியில் புதுக் கம்பி வலை, நான்கு மூலையிலும் புது ஆணி. தெரியாமல் கை வைத்தேன், பச்சைப் பெயின்ட் விரலில் ஒட்டியது. காயவில்லை. அப்போது எனக்கு எதுவும் விளங்கவில்லை. பரவாயில்லை, இனி யாருக்கும் அடிபடாது என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மாதக்கணக்கில் கழித்து ஆலைத் தரப்பு சொன்னது: “மறைப்பு எப்போதும் இருந்தது, அவன்தான் கழற்றினான்.” இது சும்மா சொல்வது அல்ல. பாதுகாப்புக் கருவியைத் தொழிலாளி வேண்டுமென்றே கழற்றினான், குடித்திருந்தான் என்ற இரண்டும் நட்டஈட்டிலிருந்து தப்ப முதலாளிக்கு இருக்கும் வழிகள். எங்களைக் காப்பாற்றியது கூட வேலை செய்த ஒரு பிள்ளை விபத்துக்கு முன்பே எடுத்த செல்பி. பின்னால் எலிவேட்டர், வலை இல்லாமல்.

அன்றைக்கே யாராவது ஒருவரைக் கொண்டு மெஷினை நான்கு பக்கமும் படமெடுக்கச் சொல்லுங்கள். கூட நின்றவர்களின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் எழுதி வையுங்கள். அவர்கள் அங்கேயே சம்பளம் வாங்குபவர்கள், பயப்படுவார்கள், கோபிக்காதீர்கள். எங்களுக்குச் சத்தியக்கடதாசி தந்தவர் ஒருவர்தான், அதுவும் அந்த ஆலையை விட்டுப் போன பிறகு. சமாதான நீதவானிடம் போய் ஒப்பம் வைத்தோம்.

5. முதலாளிக்கு எழுத்தில் அறிவியுங்கள்

முதலாளிக்குத்தான் எல்லாம் தெரியுமே, ஏன் எழுதவேண்டும் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். நட்டஈட்டுச் சட்டம் விபத்தை முடிந்தளவு விரைவில் முதலாளிக்கு அறிவிக்கச் சொல்கிறது. எழுத்தில் இல்லாத அறிவித்தலைப் பின்னால் யாராலும் காட்டமுடியாது. ஐந்து வரி போதும்:

“தங்கள் ஆலையில் … ஆண்டு முதல் … வேலை செய்துவரும் நான், … ஆம் திகதி இரவு/பகல் … மணியளவில் … மெஷினில் வேலை செய்துகொண்டிருந்தபோது என் வலக்கை சிக்கிக் காயமடைந்தேன். … வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டேன். வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் எனக்குரிய நட்டஈட்டை வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.”

பெயர், அடையாள அட்டை இலக்கம், திகதி, ஒப்பம். கை முடியாவிட்டால் பெருவிரல் அடையாளம் வைத்து, பக்கத்தில் ஒரு சாட்சி ஒப்பமிடட்டும். பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தபால் கந்தோரில் தரும் சின்னத் துண்டைக் கடிதத்தின் பிரதியோடு ஸ்டேப்ளர் அடித்து வையுங்கள். இந்த முழு வழியிலும் ஆகக் குறைந்த செலவுள்ள வேலை இது.

மேன்பவர் ஏஜென்சி மூலம் வேலைக்குப் போனவர் என்றால் ஏஜென்சிக்கு ஒன்று, ஆலைக்கு ஒன்று என்று இரண்டு கடிதம் அனுப்புங்கள். அவர் எங்கள் ஆள் இல்லை, ஒப்பந்தக்காரரின் ஆள் என்று ஆலை கையை விரிக்கும். தன் தொழில் வேலையை ஒப்பந்தக்காரர் மூலம் செய்விக்கும் பிரதான முதலாளியிடமும் நட்டஈடு கேட்கச் சட்டத்தில் இடமிருக்கிறது.

6. தொழில் அலுவலகம்

ஒருவர் மூன்று நாளுக்கு மேல் தன் வழமையான வேலையைச் செய்யமுடியாதபடி காயப்பட்டால், தொழிற்சாலைக்காரர் மாவட்ட தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கு எழுத்தில் அறிவிக்கவேண்டும். உயிர் போனாலும் அப்படியே. பல இடங்களில் அறிவிப்பதில்லை. நீங்களே தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் ஒரு முறைப்பாடு கொடுத்து, பொறியியலாளரின் பரிசோதனை வேண்டும் என்று கேளுங்கள். கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்காமல் வெளியே வராதீர்கள்.

பரிசோதனை நடந்தால் அந்த அறிக்கையைப் பிறகு கேட்டு எடுக்கலாம். தரத் தயங்கினால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாளுக்குள் சொல்லவேண்டும்.

தமிழில் எழுதுங்கள். பதிலையும் தமிழில் கேளுங்கள், அது உங்கள் உரிமை. சிங்களத்தில் வந்த ஒரு கடிதத்தை மொழிபெயர்க்கக் கொடுத்து நான் பதினொரு நாளை இழந்தேன். அதில் இருந்தது ஒரே ஒரு வரி: அடையாள அட்டைப் பிரதியை அனுப்பவும்.

காயப்பட்டவர் 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால், வயதைக் கூட்டிச் சொல்லும்படி ஆலையிலிருந்து கெஞ்சி ஆள் வரும். சொல்லாதீர்கள். வயது குறைவு என்பதற்காக நட்டஈடு இல்லாமல் போகாது. சிறுவர் பாதுகாப்புக்கு 1929ஐக் கூப்பிடுங்கள்.

7. கவருடன் வருபவர்

எங்கள் வீட்டுக்கு வந்தது பன்னிரண்டாம் நாள். சுப்பர்வைசரும், நாங்கள் முன்பின் பார்க்காத ஒருவரும், ஒரு கூடை அப்பிளும். கவரில் 50,000 ரூபாய். “முதலாளி தந்து விட்டவர், இதில ஒரு சைன் மட்டும் போடுங்க, மறுகா பார்த்துக்கொள்ளலாம்.” கடதாசி சிங்களத்தில். கீழே முத்திரை ஒட்டி வைத்திருந்தார்கள்.

அம்மா பேனை தேடப் போய்விட்டா. தம்பிதான் “வலக்கையால ஒப்பம் வைக்க ஏலாது” என்றான். உண்மையும் அதுதான்! அன்று அந்த ஒப்பம் விழாமல் போனது எங்கள் புத்தியால் இல்லை, அவன் கட்டால்.

காசை வாங்கவேண்டாம் என்று சொல்லமாட்டேன். வீட்டில் அடுப்பு எரியவேண்டும். வாங்குங்கள், ஆனால் ரசீதை நீங்களே தமிழில் எழுதுங்கள்: ‘மருத்துவ மற்றும் கைச்செலவுக்காக இவ்வளவு பெற்றேன்.’ அதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம். ‘முழு நட்டஈடாக’, ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்றெல்லாம் வந்தால் பேனையை வைத்துவிடுங்கள். ஏற்கனவே அப்படி ஒப்பம் வைத்துவிட்டீர்களா? எல்லாம் முடிந்தது என்று நினைக்கவேண்டாம். தொழிலாளி தன் நட்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. நட்டஈட்டுத் தொகையில் உடன்பாட்டுக்கு வந்தால் அது நட்டஈட்டு ஆணையாளரிடம் (9ஆம் பகுதியில் சொல்கிறேன்) பதியப்படவேண்டும். மரணம் என்றால் காசை ஆணையாளரிடமே வைப்பிலிடவேண்டும், வீட்டில் கொண்டுவந்து கொடுத்தது கணக்கில் வராது.

இன்னொரு கடதாசியும் வரும்: ‘சுயவிருப்பில் வேலையிலிருந்து விலகுகிறேன்.’ அதிலும் ஒப்பம் வேண்டாம்.

8. சம்பளத்துக்கு அத்தாட்சி

நட்டஈடு இரண்டு விடயத்தில் தங்கியிருக்கிறது: காயத்துக்குப் போடும் வீதம், மாதச் சம்பளம். சம்பளத் துண்டு உள்ளவர்களுக்குப் பிரச்சினை இல்லை. எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு மூட்டைக் கணக்கு, நாட் கூலி, கையில் காசு. பிறகு ஆலை தரும் கணக்கில் ஆள் மாதத்தில் பத்து நாள்தான் வேலைக்கு வந்திருப்பான்.

எங்களுக்கு உதவியது தம்பி மனைவியின் பால் கணக்குக் கொப்பி. ஒரு பக்கத்தில் பாலுக்குக் கொடுத்தது, மறுபக்கத்தில் ஒவ்வொரு சனியும் அவன் கொண்டுவந்து கொடுத்தது. இரண்டு வருசத்துக் கணக்கு, நீலப் பேனை, பச்சைப் பேனை, பென்சில். ஆலைக்காரரின் சட்டத்தரணி அதைப் பார்த்துச் சிரித்தார். ஆனால் விசாரித்த அதிகாரி சிரிக்கவில்லை, பக்கம் பக்கமாகப் புரட்டினார். வங்கியில் போட்ட சிட்டை, முதலாளி அனுப்பிய வட்ஸ்அப் செய்தி, நகை மீட்ட துண்டு என்று வருமானம் தெரியும் எதையும் எறியாதீர்கள். முடிந்தால் கடைசிப் பன்னிரண்டு மாதக் கணக்கைச் சேர்த்து எடுங்கள்.

ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) இலக்கம் இருந்தால் அதுவே வேலைக்குப் பெரிய சாட்சி. முதலாளி 12 வீதமும் தொழிலாளி 8 வீதமும் கட்டவேண்டும், ஈ.டி.எப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம் முதலாளியே கட்டவேண்டும். தற்காலிக ஆள் என்பதால் கட்டவில்லை என்று சொன்னால் அது பிழை. தற்காலிக ஆளுக்கும் உரியதுதான். கட்டவில்லையென்றால் தொழில் அலுவலகத்தில் தனி முறைப்பாடு.

9. நட்டஈட்டு ஆணையாளருக்கு விண்ணப்பம்

சட்டத்தின் பெயர் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கம். ஆணையாளரின் அலுவலகம் கொழும்பில். 2022ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கத் திருத்தத்தில் உச்சத் தொகை ஐந்தரை இலட்சத்திலிருந்து 20 இலட்சம் ரூபாயாகக் கூடியது. வேலைக்குப் போய்வரும் வழியில் நடக்கும் விபத்தும் உள்ளே வந்தது. 20 இலட்சம் என்பது உச்சம். விரலுக்கு அவ்வளவு வராது. முகநூலில் பார்த்துவிட்டுக் கணக்குப் போட்டுக் கடன் வாங்கவேண்டாம்.

முதலாளியின் பிழையை நீங்கள் நிரூபிக்கவேண்டியதில்லை என்பதுதான் இந்தச் சட்டத்தில் நல்ல விடயம். வேலையின்போது, வேலை காரணமாக நடந்தது என்றால் போதும். தம்பி கவனக்குறைவாக இருந்தான் என்று அவர்கள் சொன்னாலும் நட்டஈடு போகாது.

படிவத்தை நிரப்பி இவற்றின் பிரதிகளை வையுங்கள்: அடையாள அட்டை, நோய் நிர்ணய அட்டை, பொலிஸ் முறைப்பாடு, முதலாளிக்கு அனுப்பிய கடிதமும் தபால் துண்டும், சம்பள அத்தாட்சி, படங்கள், சத்தியக்கடதாசிகள். மரணம் என்றால் மரணச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், தங்கிவாழ்வோர் பற்றிய கிராம சேவகரின் கடிதம். மூலப்பிரதி எதையும் தபாலில் அனுப்பாதீர்கள். மூன்று செட் போட்டோக்கொப்பி எடுத்து ஒரு செட்டை வேறு வீட்டில் வையுங்கள். விண்ணப்பிக்கக் கால எல்லை உண்டு, காயம் ஆறட்டும் என்று தள்ளிப்போடவேண்டாம்.

சட்டத்தரணி கட்டாயமில்லை. ஆனால் எதிர்த்தரப்பு ஒருவரைக் கொண்டுவந்தால் நமக்கு வாய் அடைத்துவிடும். வருமானம் குறைந்தவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள், மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அலுவலகம் இருக்கிறது. வருமானத்துக்குக் கிராம சேவகரின் கடிதம் கேட்பார்கள். கிடைப்பதில் மூன்றிலொன்று தந்தால் போதும் என்று சொல்லிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் திரியும் தரகர்களிடம் போகவேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. இதே காயத்துக்கு மாவட்ட நீதிமன்றத்தில் தனியாக நட்ட வழக்கும் போட்டு, இங்கேயும் கேட்கமுடியாது. இரண்டில் ஒன்று. பிழை பெரியது, அத்தாட்சி பலமானது என்றால் எதைத் தெரிவு செய்வது என்று முதலிலேயே சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

10. வீதம் போடும் நாள்

கட்டைவிரலுக்கு இவ்வளவு, சுட்டுவிரலுக்கு இவ்வளவு, ஒரு கண்ணுக்கு இவ்வளவு என்று உழைக்கும் திறன் இழப்புக்குச் சட்டத்தின் அட்டவணையில் வீதம் இருக்கிறது. அட்டவணையில் நேராகப் பொருந்தாததை வைத்தியர் மதிப்பிடுவார். அரைகுறையாகப் போன விரல், மடங்காத மூட்டு, உணர்வு போன நுனி எல்லாம் இந்த இரண்டாவது வகை. அங்கேதான் காசு தவறிப்போகும். நோகிறதா என்று கேட்டால் எங்கள் ஆட்கள் பழக்கதோசத்தில் “இல்லை சேர்” என்பார்கள். தம்பியும் அப்படித்தான் சொன்னான். நான் குறுக்கே விழுந்து, சோற்றைப் பிசைய முடியவில்லை, சட்டைத் தெறி பூட்டமுடியவில்லை, குளிர்த் தண்ணீர் பட்டால் துடிக்கிறான் என்று சொன்னேன். முடியாதவற்றை வீட்டிலேயே ஒரு கடதாசியில் எழுதிக்கொண்டு போங்கள்.

விண்ணப்பத்தை முந்திக் கொடுங்கள், ஆனால் இறுதி மதிப்பீட்டுக்கு அவசரப்படவேண்டாம். தையல் வெட்டிய சூட்டோடு பார்த்தால், விரல் பிறகு எவ்வளவு விறைக்கும் என்று யாருக்கும் தெரியாது. பயிற்சி கிளினிக் முடிந்து கை ஒரு நிலைக்கு வந்த பிறகு பார்ப்பது நல்லது. அதற்கு இடையில் வேலை செய்யமுடியாத காலத்துக்குச் சட்டத்தில் அரைமாதக் கொடுப்பனவு என்று ஒன்று இருக்கிறது. பலர் கேட்பதே இல்லை. கேளுங்கள்.

11. கொழும்புப் பயணம்

நாங்கள் ஐந்து தடவை போனோம். ஒரு தடவைக்கு இரண்டு பேருக்கு பஸ், ஓட்டோ, சாப்பாடு எல்லாம் சேர்த்து 12,000 ரூபாய் அளவில் முடிந்தது. இரவு பஸ்ஸில் போய் விடிய இறங்கி, அலுவலகம் திறக்கும்வரை காத்திருந்து, அன்றிரவே திரும்பினோம். இரண்டு தடவை எதிர்த்தரப்பு வராமல் திகதி தள்ளிப்போனது. முந்திய நாளே தொலைபேசி எடுத்து நாளைக்கு விசாரணை நிச்சயமா என்று கேளுங்கள். பஸ் டிக்கட்டுகளைச் சேர்த்து வையுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

‘வீட்டில்’ என்ற அந்தச் சொல் இங்கேதான் திரும்ப வந்தது. டிக்கட்டை ஆஸ்பத்திரியிலிருந்து வரவழைத்தார்கள், ஒரு திகதி. எழுதியவரிடம் விளக்கம் கேட்டார்கள், இன்னொரு திகதி. சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கையும் கூட நின்றவரின் சத்தியக்கடதாசியும் செல்பியும் சேர்ந்துதான் கடைசியில் அதை வென்றன.

12. வேறு காசுகள்

நிரந்தர இயலாமைக்கு ஈ.டி.எப். சபையில் ஒரு நன்மை இருக்கிறது. இனி வேலையே செய்யமுடியாது என்று மருத்துவ அத்தாட்சி இருந்தால் ஈ.பி.எப். பணத்தை வயதாகும்வரை காத்திருக்காமல் எடுக்கலாம். பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரையும் ஒருக்கா பாருங்கள். ஆலை காப்புறுதி போட்டிருந்தால் காப்புறுதிக்காரர் வீட்டுக்கு வந்து கேள்வி கேட்பார். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள், வெற்றுக் கடதாசியில் ஒப்பம் வைக்காதீர்கள்.

13. காசு வரும் நேரம்

உத்தரவு வந்ததும் முதலாளி ஆணையாளரிடம் வைப்பிலிடுவார், அங்கிருந்துதான் உங்களுக்கு வரும். கட்டாமல் இழுத்தடித்தால் நீதவான் நீதிமன்றம் மூலம் அறவிட வழி இருக்கிறது, ஆணையாளர் அலுவலகத்துக்கு எழுதுங்கள்.

இப்போதே தம்பியின், அண்ணனின், மகளின் வங்கிப் புத்தகத்தை எடுத்து அடையாள அட்டைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலெழுத்து, பெயர் எழுதிய விதம், பழைய அடையாள அட்டை இலக்கமா புதியதா என்று ஒவ்வொன்றாக. எங்கள் புத்தகத்தில் தம்பியின் பெயரில் ஓர் எழுத்து கூட இருந்தது. அதைத் திருத்தச் சத்தியக்கடதாசி, கிராம சேவகர், வங்கி, திரும்ப வங்கி என்று அலைந்து முடிய ஆறு வாரம். அவன் புது ஒப்பத்தை இடக்கையால் போட்டான். பழைய ஒப்பத்தோடு ஒத்துவரவில்லை என்று கவுன்டரில் திருப்பி அனுப்பினார்கள், அதற்கு மருத்துவக் கடிதம் ஒன்று எடுக்கவேண்டி வந்தது. அதனால் இடக்கை ஒப்பத்தையும் முன்கூட்டியே வங்கியில் பதிந்து வையுங்கள்.